தேதியைப் பார்த்துப் படிக்க வேண்டிய புத்தகங்கள்

1945 செப்டம்பர் 6 ஆம் தேதி ஜார்ஜ் வெல்லர் என்ற அமெரிக்க நிருபர் நாகசாகிக்குள் நுழைந்தார். அந்நகரின் மீது அணுகுண்டு விழுந்து அன்றோடு நான்கு வாரங்கள் ஆகியிருந்தன. தென் ஜப்பானுக்குள் பத்திரிகையாளர்கள் போகக் கூடாது என்று தளபதி மக்கார்தர் தடை விதித்திருந்த நிலையில், வெல்லர் தம்மை ஒரு கர்னல் என்று சொல்லிக்கொண்டு, படகிலும் ரயிலிலுமாக அங்கே போய்ச் சேர்ந்தார். 'சிகாகோ டெய்லி நியூஸ்' நாளேட்டுக்காக அங்கிருந்து அவர் எழுதிய செய்திகள் டோக்கியோவில் இருந்த ராணுவத் தணிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்ததோடு சரி, அச்சேறவில்லை. அவர் வைத்திருந்த கார்பன் பிரதிகளும் எங்கோ காணாமல் போயின. 2002 இல் வெல்லர் இறந்தார். மறு ஆண்டு, இத்தாலியில் அவர் வாழ்ந்த வீட்டில் அந்தப் பிரதிகளை அவருடைய மகன் கண்டெடுத்தார். 2006 இல் அவை புத்தகமாக வெளிவந்தன.

தணிக்கை செய்யப்பட்ட உண்மை அறுபது ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்தது என்றுதான் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறார்கள். நானும் அந்த எதிர்பார்ப்போடுதான் அதைக் கையில் எடுத்தேன். ஆனால் முதல் பக்கங்களில் இருப்பது நாம் எதிர்பார்க்கும் உண்மை அன்று. நாகசாகியில் தங்கிய தொடக்க நாள்களில் வெல்லர், இந்தக் குண்டு பெரியதுதான், ஆனாலும் அதை இங்கே பயன்படுத்திய விதம் முறையானதே என்ற தொனியில், இத்தனை பெரிய ஆற்றலிடம் எதிர்பார்க்கக் கூடிய அளவுக்கு இரக்கம்கூட அதில் இருந்தது என்பதுபோல எழுதுகிறார். ஆயுதத் தொழிற்சாலைகளின் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்த, வென்ற நாட்டைச் சேர்ந்த ஒரு மனிதரின் கணக்கு அது. பிறகு அவர் மருத்துவமனைகளுக்குப் போகிறார். உடலில் தீக்காயமே இல்லாதவர்கள், குண்டு விழுந்த அன்று நன்றாக இருந்தவர்கள், வாரக்கணக்கில் கழிந்த பிறகு செத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். ஜப்பானிய மருத்துவர்களுக்கும் காரணம் புரியவில்லை. அவர் அதற்கு 'எக்ஸ் நோய்' என்று பெயரிட்டு எழுதத் தொடங்குகிறார். முதல் செய்திக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் மிகச் சில நாள்களே. சில தாள்களே என்றும் சொல்லலாம்.

ஒரு வரலாற்று நூலில் இந்த இரண்டாவது வெல்லர் மட்டுமே இடம்பெறுவார். கதிரியக்க நோயை முதலில் கண்டு எழுதியவர்களில் ஒருவர் என்ற ஒற்றை வரியில் அவர் முடிந்துபோவார். அதில் பிழையும் இராது. ஆனால் தொகுப்பு நூலில் இரண்டு வெல்லர்களும் இருக்கிறார்கள், அதுவும் தேதி வரிசையில் இருக்கிறார்கள். ஒரு மனிதர் தம் கண்ணால் கண்டதன் பொருட்டுத் தம் எண்ணத்தை விட்டு நகர்வதை, அந்த நகர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, நாம் அங்கே பார்க்கிறோம். போர்ச் செய்திகளின் தொகுப்புகளை நான் தொடர்ந்து தேடிப் படிப்பதற்குக் காரணம் இதுதான். அவற்றை எழுதியவர்களுக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. படிக்கும் நமக்குத் தெரியும். அந்தத் தெரியாமையை வேறு எந்த வகை எழுத்தும் இவ்வளவு பழுதில்லாமல் காப்பாற்றி வைப்பதில்லை. நினைவுக் குறிப்புகளில் அது இருக்காது, ஏனென்றால் அவற்றை எழுதுபவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. நாவலில் அதை உருவாக்க முடியும் என்றாலும், உருவாக்கியது என்பது தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

அமெரிக்கப் போர் நிருபர் மார்த்தா கெல்ஹார்னின் 'போரின் முகம்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1959 இல் முதலில் வந்த அந்தப் புத்தகத்தில் ஸ்பெயின், பின்லாந்து, சீனா, இரண்டாம் உலகப் போர், ஜாவா ஆகியவை இருந்தன. அடுத்தடுத்த பதிப்புகளில் வியட்நாம் சேர்ந்தது, 1967 இன் அரபு–இஸ்ரேல் போர் சேர்ந்தது, மத்திய அமெரிக்கா சேர்ந்தது. ஒரே பெயரில் ஒரு புத்தகம் போர்களைப் போட்டுக்கொண்டு பருத்துக்கொண்டே போவது விசித்திரம்தான். ஒவ்வொரு பகுதிக்கும் அவர் பிற்காலத்தில் ஒரு முன்னுரை எழுதிச் சேர்த்தார், ஆனால் கட்டுரைகளை அப்படியே விட்டார். அதனால் அதைப் படிக்கும்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன: ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1937 இல், மாட்ரிட்டில் நின்ற இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் குரல் ஒன்று, பிராங்கோவிடம் ஸ்பெயின் குடியரசு தோற்றுப்போனதையும் அதன் பிறகு நடந்த எல்லாவற்றையும் கண்டுவிட்டவரின் குரல் மற்றொன்று. முன்னுரையில் இரண்டாவது குரல் சொல்லும் ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் பட்டது. பத்திரிகை எழுத்து ஒரு விளக்குபோல மக்களுக்கு வழி காட்டும், உண்மையைக் காட்டிவிட்டால் அவர்கள் அநீதியைத் தடுத்துவிடுவார்கள் என்று இளமையில் தாம் நம்பியதாகவும், அந்த நம்பிக்கை பின்னர் போய்விட்டதாகவும், ஆனாலும் நேர்மையாக எழுதுவது ஒரு மனிதர் கண்ணியமாக நடந்துகொள்ளும் வழிகளில் ஒன்று என்பதால் அதைத் தொடர்ந்ததாகவும் அவர் எழுதுகிறார்.

அதைப் படித்துவிட்டு மாட்ரிட் கட்டுரைக்குள் போனால், அந்த இளம்பெண்ணுக்கு இந்த ஏமாற்றம் இன்னும் வந்து சேரவில்லை என்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. ஒரு கிழவி, மிரண்டுபோன, மெலிந்த ஒரு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தைக் கடக்கிறாள். வீட்டுக்குப் போய்விட்டால் பாதுகாப்பு என்பது அவள் எண்ணம். எறிகணையிலிருந்து தெறித்த சிறிய இரும்புத் துண்டு சிறுவனின் தொண்டையில் பாய்கிறது. அவள் இறந்துபோன பிள்ளையின் கையை விடாமல், என்ன செய்வதென்று புரியாமல் நிற்கிறாள். கெல்ஹார்ன் அதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. 1938 நவம்பரில் பார்சலோனாவிலிருந்து எழுதிய கட்டுரையில் பட்டினியால் மெலிந்த குழந்தைகள் கிடக்கும் மருத்துவமனை வருகிறது, ஒரு தச்சரின் குடும்பம் வருகிறது, போரின் மூன்றாவது குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது என்ற பேச்சு வருகிறது. 1939 ஜனவரி 26 அன்று அந்நகரம் பிராங்கோவின் படையிடம் விழுந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தத் தச்சர் வீட்டில் யாருக்கும் அது தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. அவர்கள் குளிர்காலத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போது, நாம் வாரங்களைக் கணக்கிடுகிறோம். இந்த இரண்டு கணக்குகளும் ஒரே பக்கத்தில் ஓடுவதுதான் வாசிப்பைத் தாங்க முடியாததாக்குகிறது.

தொகுப்புகளை வேகமாகப் படிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டவை இவை. ஒரே மூச்சில் பத்துக் கட்டுரைகளைப் படித்தால் ஐந்தாவது பிணத்திலிருந்து மனம் மரத்துப்போகிறது. அது எழுத்தின் குறை அன்று. அமெரிக்கப் போர் நிருபர் எர்னி பைலின் பத்திக் கட்டுரைகளில் எனக்கு அப்படித்தான் ஆனது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை என்று நிறுத்தி நிறுத்திப் படிக்கத் தொடங்கினேன். பைல் தரைப்படைச் சிப்பாய்களோடு வட ஆப்பிரிக்கா, சிசிலி, இத்தாலி, நார்மண்டி என்று அலைந்து, தாம் சந்தித்தவர்களின் பெயரையும் ஊரையும், பல வேளைகளில் தெருவையும் வீட்டு எண்ணையும்கூடச் சேர்த்து எழுதியவர். அன்றைய வாசகருக்கு அது அண்டை வீட்டுப் பையனைப் பற்றிய சேதி. இன்று படிக்கும் நமக்கோ ஒவ்வொரு முகவரியும் ஒரு கேள்வியாக நிற்கிறது: இந்த வீட்டுக்கு இவன் திரும்பிப் போனானா? பைல் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நார்மண்டியில் படைகள் இறங்கிய மறுநாள் கடற்கரையில் நடந்து, மணலில் சிதறிக் கிடந்த பல் துலக்கிகள், பைபிள்கள், குடும்பப் படங்கள், எவனோ போருக்கு எடுத்து வந்திருந்த ஒரு டென்னிஸ் மட்டை ஆகியவற்றை அவர் எழுதினார். 1945 ஏப்ரல் 18 அன்று ஒகினாவாவை அடுத்த சிறு தீவு ஒன்றில் அவர் சுடப்பட்டு இறந்தபோது, ஐரோப்பாவில் போர் முடியும் நாளுக்காக எழுதி வைத்திருந்த ஒரு பத்திக் கட்டுரையின் வரைவு அவரிடம் இருந்தது.

சோவியத் எழுத்தாளரும் போர் நிருபருமான வசீலி கிராஸ்மனிடம் வந்தால் பிரச்சினை இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் அவருடைய விஷயத்தில் நமக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. சோவியத் ராணுவத்தின் 'செந்நட்சத்திரம்' நாளேட்டில் அச்சானவை ஒரு பிரதி. அவர் தமக்காக எழுதிவைத்த குறிப்பேடுகள் மற்றொன்று. வேதியியல் பொறியாளராகப் படித்த, மூக்குக் கண்ணாடி அணிந்த, ராணுவப் பயிற்சி எதுவும் இல்லாத இந்த மனிதரிடம் ஸ்டாலின்கிராட் சிப்பாய்கள் மனம் விட்டுப் பேசியதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது: எதிரே இருப்பவர் பேசும்போது அவர் குறிப்பேட்டைத் திறக்க மாட்டார், இரவில் நினைவிலிருந்து எழுதுவார். அந்தக் குறிப்பேடுகளில் 1941 இன் பின்வாங்கலில் நிலவிய குழப்பம் இருக்கிறது, ஓடிப்போன சிப்பாய்களைச் சுட்டுக்கொன்றது இருக்கிறது, 1945 இல் செஞ்சேனை ஜெர்மனிக்குள் நுழைந்தபோது பெண்களுக்கு இழைத்த கொடுமையும் இருக்கிறது. நாளேட்டில் இவை எதுவும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. அச்சில் வந்தவை பொய் என்று இதனால் ஆகிவிடாது. ஸ்டாலின்கிராடில் போரிட்ட சைபீரியப் படைப்பிரிவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் வரிகளைப் பின்னாளில் மமாயெவ் குன்றின் நினைவுச் சின்னத்தில் கல்லில் பொறித்தார்கள். எழுதியவரின் பெயரை மட்டும் போடவில்லை. அதற்குள் அவருடைய பெரிய நாவலை 1961 இல் சோவியத் உளவுத்துறையான கேஜிபி வீடு புகுந்து பறித்துக்கொண்டு போயிருந்தது.

ஆனால் குறிப்பேடுகளை வாசிக்கும்போது என்னை வாட்டியது தணிக்கை அன்று. கிராஸ்மனின் தாய் உக்ரைனில் பெர்திச்சேவ் நகரில் இருந்தார். 1941 கோடையில் ஜெர்மானியப் படை அந்நகரைப் பிடிக்கும் முன் தாயை மாஸ்கோவுக்கு அழைத்துவராமல் விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வோடுதான் அவர் போர்முனைக்குப் போனார். அந்த ஆண்டு செப்டம்பர் நடுவில் பெர்திச்சேவின் யூதர்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோகப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் அந்தத் தாயும் ஒருவர். மகனுக்கு அது உறுதியாகத் தெரிந்தது 1944 இன் தொடக்கத்தில், செஞ்சேனையோடு அவர் அந்த ஊருக்குள் திரும்பி வந்தபோதுதான். ஆகவே 1941 இன் இலையுதிர்காலம் முதல் ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க் வரை நீளும் பக்கங்கள் எல்லாவற்றையும், தாய் இறந்தது தெரியாத, ஆனால் சந்தேகம் நாள்தோறும் கனத்துக்கொண்டே வரும் ஒரு மகன் எழுதியிருக்கிறார். தேதியைக் கவனிக்காமல் படித்தால் அவை சிறந்த போர்முனைக் குறிப்புகள். தேதியைக் கவனித்துப் படித்தால், வழியில் சந்திக்கும் ஒவ்வொரு கிராமத்துக் கிழவியைப் பற்றியும் அவர் இவ்வளவு நின்று நிதானித்து எழுதுவது ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. இது என் ஊகம்தான். அவர் அப்படி எங்கும் சொல்லவில்லை.

1944 செப்டம்பரில் அவர், போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த முகாம் இருந்த ட்ரெப்ளிங்காவுக்குப் போனார். ஜெர்மானியர்கள் அந்தக் கொலைக்களத்தை 1943 இலேயே இடித்துத் தரைமட்டமாக்கி, மேலே லூபின் செடிகளை விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கால் வைத்தால் அமிழும் மண்ணிலிருந்து எலும்புத் துணுக்குகளும் பற்களும் துணிகளும் காகிதங்களும் வெளியே வந்துகொண்டிருந்ததை அவர் எழுதினார். சுற்றுவட்டார விவசாயிகளையும், தப்பிப் பிழைத்த சிலரையும், பிடிபட்ட காவலர்களையும் விசாரித்து, ஒரு ரயிலில் எத்தனை பெட்டிகள், ஒரு பெட்டியில் எத்தனை பேர், நாளுக்கு எத்தனை ரயில்கள், எத்தனை மாதங்கள் என்று பொறியாளருக்கே உரிய முறையில் பெருக்கி, அங்கே முப்பது லட்சம் பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கட்டுரை நவம்பரில் 'ஸ்நாமியா' இதழில் வெளிவந்து, பின்னர் நியூரம்பெர்க் விசாரணையிலும் எடுத்துக்காட்டப்பட்டது. பிற்கால ஆய்வுகள் காட்டும் எண்ணிக்கை ஏழு முதல் ஒன்பது லட்சம் வரை.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நாஜிக் கொலைகளையே மறுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் சரியான எண்ணிக்கையைத் தருகிறார்கள், தர வேண்டியதுதான். ஆனால் மூலத்தில் முப்பது லட்சம் என்பதைத் தொடாமல் விட்டிருப்பதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆவணங்கள் எரிக்கப்பட்டு, கட்டடங்கள் பெயர்க்கப்பட்டு, சாட்சிகள் கொல்லப்பட்ட ஓர் இடத்தில், போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு நிருபர் ரயில் பெட்டிகளை எண்ணிப் பெருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது என்பதே அந்த எண்ணின் பொருள். அதைத் திருத்திவிட்டால், கொலையை மறைக்கக் கொலைகாரர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். எட்டு மாதங்களுக்குப் பிறகு, 1945 மே மாதம், டாக்காவ் முகாமுக்குள் நின்றுகொண்டிருந்த கெல்ஹார்னுக்கு ஜெர்மனி சரணடைந்த செய்தி எட்டியது. வெற்றிச் செய்தியைக் கேட்க ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று அவர் எழுதினார். மேற்குலக வாசகர்களின் மனத்தில் நீண்ட காலம் முகாம் என்றால் டாக்காவும் பெல்சனும்தான். ரயிலிலிருந்து இறக்கிய சில மணி நேரத்துக்குள் கொல்வதற்காகவே கட்டப்பட்ட ட்ரெப்ளிங்காவைப் பற்றி, அதற்கு முன்பே ரஷ்ய மொழியில் ஒருவர் எழுதி அச்சாகியிருந்தது. இரண்டு தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் இந்த இடைவெளி கண்ணில் படும்.

மேரி கொல்வினின் தொகுப்பைத் தமிழர்கள் வேறு விதமாகப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் படித்தேன். புத்தகத்தை வாங்கியவுடன் நேராக 2001 ஏப்ரலுக்குப் போனேன். லண்டன் 'சண்டே டைம்ஸ்' நிருபரான அவர், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை இலங்கை அரசு ஆண்டுக்கணக்கில் அனுமதிக்காதிருந்த வன்னிக்குள் அனுமதியின்றிப் போய், எரிபொருள், மருந்து உள்ளிட்ட பொருள்களின் மீதான தடையால் அங்கே மக்கள் படும் பாட்டைப் பார்த்தார். திரும்பும் வழியில், 16 ஆம் தேதி இரவு, இராணுவத்தின் முன்னரங்கைக் கடக்கும்போது வெடித்த எறிகணை அவருடைய இடது கண்ணைப் பறித்தது. தாம் பத்திரிகையாளர் என்று அவர் கத்திச் சொன்ன பிறகுதான் அது நடந்தது. அந்த வாரமே மருத்துவமனையில் இருந்தபடி கட்டுரையை எழுதி முடித்தார். மேற்கு நாட்டு வாசகருக்கு அது கறுப்புக் கண்பட்டி அணிந்த துணிச்சல்காரியின் கதை தொடங்கும் இடம். புத்தகத்தின் அமைப்பும் அந்த வாசிப்புக்கே துணைபோகிறது, ஏனென்றால் 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் அவர் கொல்லப்பட்ட பின் அதே ஆண்டில் தொகுக்கப்பட்ட நூல் அது. பெய்ரூட், கிழக்கு திமோர், செச்னியா, வன்னி எல்லாமே ஹோம்ஸை நோக்கி ஏறும் படிகளாகிவிடுகின்றன. இறந்தவரின் தொகுப்பில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு: அவர் எழுதிய இடங்களின் கதை பின்னுக்குப் போய், எழுதியவரின் விதி முன்னுக்கு வந்துவிடுகிறது.

எனக்கோ அந்தக் கட்டுரையில் கண்ணைவிட வன்னி பெரிதாகத் தெரிந்தது. பத்து மாதங்களில், 2002 பிப்ரவரியில், போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகும், பாதை திறக்கும், பேருந்துகள் ஓடும். எட்டு ஆண்டுகளில் அவை எதுவும் மிஞ்சாது. 2001 ஏப்ரலில் வன்னியில் அவரிடம் பேசியவர்கள் இவ்விரண்டில் எதையும் அறியாமல், தடையையும் பசியையும் பற்றி மட்டும் பேசுகிறார்கள். 2009 மே மாதம் அதே நிருபர் இன்னொரு செய்தி எழுதினார். புலிகளின் அரசியல் பொறுப்பாளர் நடேசனும் சமாதானச் செயலகப் பொறுப்பாளர் புலித்தேவனும் தொலைபேசியில் தம்மை அழைத்துச் சரணடைய வழி கேட்டதையும், அதைத் தாம் ஐ.நா. தூதர் விஜய் நம்பியாரிடம் கொண்டுபோனதையும், வெள்ளைக் கொடியை உயர்த்திப் பிடித்தபடி வந்தால் போதும் என்று பதில் வந்ததையும், பிறகு அவர்கள் கொல்லப்பட்டதையும் அதில் பதிவு செய்தார். செய்தியை எழுதுபவரே செய்திக்குள் ஒரு கண்ணியாகிவிட்ட கட்டுரை அது. பின்னாளில் விசாரணை கோரியவர்கள் மீண்டும் மீண்டும் அதை எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் வழக்காவணமாக அன்றி, அந்த வாரத்தில் எழுதப்பட்ட செய்தியாக அதைப் படிக்கும்போது, தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர்களுக்கு இன்னும் வழி இருப்பதுபோல ஓரிரு பத்திகள் வரை நமக்கும் தோன்றிவிடுகிறது. நடந்தது என்ன என்பது நன்றாகத் தெரிந்திருந்தும் தோன்றுகிறது.

தொகுப்பு நூல்களிடம் எனக்கு இருக்கும் தீராத மனக்குறை, அவை கட்டுரையைப் பத்திரிகைப் பக்கத்திலிருந்து பெயர்த்து எடுத்துவிடுகின்றன என்பதுதான். கெல்ஹார்னின் மாட்ரிட் கட்டுரை அமெரிக்காவின் 'கோலியர்ஸ்' வார இதழில் வந்தபோது அதைச் சுற்றிக் கதைகளும் விளம்பரங்களும் இருந்தன. அன்றைய வாசகர் அவற்றினூடேதான் அந்தச் சிறுவனின் சாவைப் படித்தார். அந்தக் குறையை ஓரளவு தீர்த்துக்கொள்ள நமக்கு ஒரு வழி இருக்கிறது. ஈழத்து அச்சுப் பதிப்புகளை மின்வடிவில் சேமித்துவரும் 'நூலகம்' திட்டத்தில் பழைய தமிழ் நாளேடுகளின் இதழ்களை முழுப் பக்கங்களாகவே பார்க்கலாம். எறிகணை வீச்சுச் செய்திக்குப் பக்கத்திலேயே மரண அறிவித்தலும் கோயில் திருவிழா அறிவிப்பும் இருக்கும். இவற்றிலிருந்து போர்க்காலச் செய்திகளை யாரேனும் தேர்ந்தெடுத்து ஒரு நூலாக்கினால் முதல் ஆளாக வாங்குவேன். அவர்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு இரண்டே உள்ளன. அன்று தவறாக அச்சான எண்ணிக்கையையும் ஊர்ப்பெயரையும் மூலத்தில் திருத்தாமல் விட்டுவிட்டுச் சரியானதை அடியில் தாருங்கள். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அது வெளிவந்த நாளை, கண்ணில் படும் அளவு பெரிய எழுத்தில் போடுங்கள்.